பெலிக்கன் படகுக்கு ஒரு தகவல்

1

திருச்சியிலிருந்து என் மைத்துனி கடிதம் எழுதியிருக்கிறாள். நானும் என் மகள் உமாவும் பாய்மரப் படகில் நிற்கும் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறார்களாம். வருகிறவர்கள் எல்லோரும் "சொந்தப் படகா?" என்று விசாரிக்கிறார்களாம். "நீங்க கொடுத்து வச்சவங்க அத்தான். நாங்க காவேரியில தண்ணி வந்தா அதைப் பார்க்கப் போறோம். நீங்க தீவு தீவாப் போய் விருந்து சாப்பிடுறீங்க" என்று ஏர்மெயில் கடிதத்தின் ஓரத்தில் இடம் பிடித்துக் குறுக்காக வேறு எழுதியிருக்கிறாள்.

அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பது உண்மை. அதற்கு ஐந்து நிமிஷம் முன்புதான் வாந்தி எடுத்து முடித்திருந்தேன். படகு என்னுடையது அல்ல. உமா என் தோளை ஒட்டி நிற்பது, போட்டோ எடுத்தவர் "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னதால். இதையெல்லாம் சட்டத்துக்குக் கீழே எழுதி ஒட்ட முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இருப்பவன் கடல் பயணம் பற்றி எழுதினால் மணல், சூரியன், கிளிஞ்சல் என்று எதிர்பார்ப்பீர்கள். எல்லாம் இருந்தன. நான் அவற்றுக்காகப் போகவில்லை. என் மகளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். அவள் ஆகஸ்டில் கல்லூரிக்குக் கலிபோர்னியா போவதாக இருந்தது. அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். பதினோரு நாள் ஒரு சின்னப் படகில் கூட இருந்தால், எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கும் வழி இருக்காது, எனக்கும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். நான் இன்ஜினியர். என் கணக்கு காகிதத்தில் எப்போதும் சரியாகத்தான் வரும்.

2

அந்த விஷயம் என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை இழுத்தடிப்பவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது.

உமாவுக்கு அப்போது ஒன்பது வயது. என் மனைவி சரோஜா தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குத் தனியாகப் போனாள். இந்தக் கடிதம் எழுதிய அதே தங்கைதான். (அவள் மீது எந்தத் தப்பும் கிடையாது, இதைப் படித்துவிட்டு உட்கார்ந்து அழ வேண்டாம்.) எனக்கு லீவு இல்லை. உமாவின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, அதைப் புதுப்பிக்க எனக்கு அலுப்பு. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் சரோஜாவுக்கு மஞ்சள் காமாலை. ஹூஸ்டனுக்குத் தந்தி வந்தது: சரோஜா சீரியஸ், உடனே புறப்படு.

நம் ஊர்த் தந்தியில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உமாவைப் பக்கத்துத் தெரு லலிதா ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டு, விமானம் முழுக்க அழுதுகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு இருந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள், ஆனால் நல்ல நினைவு. "ஏங்க இப்படி இளைச்சுட்டீங்க?" என்று என்னைக் கேட்டாள். அந்த நிமிஷம் வந்த நிம்மதியில்தான் நான் எல்லாத் தப்பையும் செய்தேன்.

லலிதா ஆன்ட்டி டிரங்க் கால் போட்டுப் பேசினாள். "பாஸ்போர்ட்டை நாங்க அவசரமா வாங்கிடுறோம். தனியா வர்ற குழந்தைங்களை ஏர்லைன்ஸ்ல பத்திரமாப் பார்த்துக்குவாங்க. உமாவை அனுப்பி வைக்கட்டுமா?"

"எதுக்குங்க? எந்திரிச்சு உக்காந்துட்டா. இன்னும் நாலு வாரத்துல நாங்களே வந்துடுவோம்" என்றேன்.

ஆறு நாள் இருந்தாள். ஏழாம் நாள் காலை இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை நான் அங்கே இருந்தேன். அதற்குள் மூன்று முறை உமாவோடு போனில் பேசினேன். மூன்று முறையும் "அம்மாகிட்டக் குடு" என்றாள். மூன்று முறையும் "அம்மா தூங்குறாம்மா" என்றேன். சாவுச் செய்தியைப் போனில் சொல்வது நம் வழக்கம் இல்லை. வெளியூரில் இருப்பவனிடம் உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்போம். அவனும் புரிந்துகொண்டு கிளம்பி வருவான். ஒன்பது வயது அமெரிக்கக் குழந்தைக்கு அந்த ஏற்பாடு தெரியாது. தூங்குகிறாள் என்றால் அவளைப் பொறுத்தவரை அம்மா தூங்குகிறாள்.

ஹூஸ்டன் விமான நிலையத்தில் நான் வெளியே வந்தபோது உமா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பெட்டிக்காக நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி சொன்னேன். அவள் "ஓகே" என்றாள். அதற்குப் பிறகு எட்டு வருஷம் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன்னை வரவழைத்திருக்கலாம், வரவழைக்காதது என் தப்பு, பொய் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. மூன்று வரிதான். இதைச் சொல்லத்தான் பதினோரு நாள்.

3

படகு வால்ட்டருடையது. நானும் அவரும் ஒரே ரசாயனத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை. எண்ணெய் விலை சரிந்து ஹூஸ்டனில் கம்பெனி கம்பெனியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது வால்ட்டரை ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டை விற்று ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதற்கு 'மார்னிங் ஷிப்ட்' என்று பெயர் வைத்துவிட்டு கடலில் இறங்கிவிட்டார். கரீபியன் பக்கம் தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு கார்டு போட்டார்: மகளை அழைத்துக்கொண்டு வா, இடம் இருக்கிறது.

உமா உடனே சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். செயின்ட் தாமஸ் வரை விமானம், பிறகு படகு. அது அமெரிக்கத் தீவு என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தீவு வேறு நாடு. அங்கே போனதும் வால்ட்டர் ஒரு மஞ்சள் கொடியை ஏற்றினார். குடியேற்ற அலுவலகத்தில் அனுமதி முத்திரை விழும் வரை அந்தக் கொடி பறக்க வேண்டும். அது வரை படகில் இருப்பவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது.

மற்ற படகுகளின் மஞ்சள் கொடி கால் மணி நேரத்தில் இறங்கியது. எங்களுடையது மூன்று மணி நேரம் பறந்தது. காரணம் என் பாஸ்போர்ட். அதில் என் பெயர் நடராஜன், குடும்பப் பெயர் முத்தையா. அதாவது என் அப்பா பெயர். உமாவின் பாஸ்போர்ட்டில் அவள் குடும்பப் பெயர் நடராஜன், அதாவது நான். கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், தன் வேலையைச் செய்தார். மிஸ்டர் முத்தையா, மிஸ் நடராஜன், இந்தப் பெண் உங்கள் மகள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நான் முன்னெழுத்து என்றால் என்ன, நம்மிடம் குடும்பப் பெயர் ஏன் கிடையாது என்று ஆரம்பித்தேன். பதினைந்து நிமிஷம் விளக்கியிருப்பேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உமா குறுக்கே வந்து, "எங்க குடும்பத்துல அப்பாவோட முதல் பேர்தான் பிள்ளைகளுக்குக் கடைசிப் பேர், சார்" என்றாள். அவர் "ஓ" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அவள் சொன்னது ஆங்கிலத்தில். இந்தக் கட்டுரையில் அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இங்கே நம்மவர் வீடுகளில் எல்லாம் இதுதான் நடைமுறை. ஆனாலும் எங்க குடும்பத்துல என்று சொன்னாளே, அந்த வார்த்தை எனக்குப் போதுமாயிருந்தது. இன்றைக்கே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். படகு கிளம்பியதும் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

4

இன்று சனிக்கிழமை. காலையில் நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் பக்கம் போய் முருங்கைக்காய், புளி, பொன்னி அரிசி வாங்கி வந்தேன். கடைக்கார ஆன்ட்டி "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள். "பிஸி" என்றேன். "அதானே" என்றாள். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் நாலு வீடு காலி; வேலை போனவர்கள் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் சாவியை பாங்கில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது. ஒரு முருங்கைக்காய் போட்டு சாம்பார் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது. இது சௌகரியமா கஷ்டமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அரிசி களையும்போது படகு ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அங்கே நான் செய்த காரியம் அப்படி. நான் விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளிக்கிற ஆள். எந்த ஊரில் இருந்தாலும், ஐஸ் பெய்தாலும் குளிப்பேன். படகில் குழாய் இருந்தது, திறந்தால் தண்ணீர் வந்தது, குளித்தேன். வால்ட்டரும் உமாவும் கடலில் குதித்து எழுந்து, ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்வதைப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பழக்கம், அதற்கு இவளும் ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு மத்தியானம் நானே சமையல் என்று சொல்லி, அரிசியை மூன்று தடவை களைந்து களைந்து கொட்டினேன்.

நாலாம் நாள் குழாயில் காற்று வந்தது. பன்னிரண்டு நாளைக்கான தண்ணீர்.

வால்ட்டர் ரேடியோவை எடுத்தார். இந்தப் பாய்மரக்காரர்களின் ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் படகுகள் ஒன்றை ஒன்று ஒட்டியே தீவு தீவாகப் போகும். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, படகின் பெயர்தான் ஆளின் பெயர். காலை ஏழரை மணிக்கு ஒரு அம்மாள் ரேடியோவில் வருகைப் பதிவு எடுப்பாள். ஒவ்வொரு படகையும் கூப்பிட, "இருக்கிறோம், எல்லாரும் நலம்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். ஒருவரோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் கூப்பிட்டு, இன்னொரு சானலுக்கு மாற வேண்டும். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே அந்தச் சானலுக்கு வந்து ஒட்டுக் கேட்கும். இது எல்லோருக்கும் தெரியும். கேட்டதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை.

அன்று மட்டும் அந்த மரியாதையை விட்டுவிட்டார்கள். "நண்பர் தினமும் குளித்துவிட்டார், தண்ணீர் எங்கே கிடைக்கும்?" என்று வால்ட்டர் கேட்டதும் ஆறு படகிலிருந்து சிரிப்பு. இனிமேல் அந்த ஜென்டில்மேன் குளிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஐந்து காலன் தருகிறேன் என்றான் ஒருவன். நானும் சிரித்து வைத்தேன். சாயங்காலம் உமா வந்து, "எல்லாருக்கும் தெரியும், டாட்" என்றாள். இரண்டே வார்த்தை சொல்வாள், நமக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது.

5

உமா சாயங்காலம் வந்தாள் என்றேன். பகலெல்லாம் எங்கே இருந்தாள் என்று கேட்பீர்கள். அதுதான் என் கணக்கில் விழுந்த ஓட்டை.

வருகைப் பதிவு எடுக்கும் அம்மாள் பெயர் டாரத்தி. ரிட்டயரான பள்ளி ஆசிரியை. புருஷனோடு 'பெலிக்கன்' என்ற படகில் வந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் புருஷன் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பாய் இழுக்க ஒரு ஆள் வேண்டும் என்று ரேடியோவில் கேட்டாள். நான் தலையைத் தூக்குவதற்குள் உமா "நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். காலையில் ரப்பர் படகில் அந்தப் பக்கம் போனால் இருட்டும் முன்தான் வருவாள்.

ஆக நான் பதினோரு நாள் கதவு இல்லாத இடத்துக்கு மகளை அழைத்து வந்து, அவளை வேறு படகில் விட்டுவிட்டு, வால்ட்டரோடு உட்கார்ந்து வானிலை பேசிக்கொண்டிருந்தேன். பெலிக்கன் எங்களுக்கு முன்னால் போகும். தூரத்தில் உமா கயிற்றை இழுப்பது, பாய் திரும்பும்போது குனிவது, டாரத்தி ஏதோ சொல்ல அவள் சிரிப்பது எல்லாம் தெரியும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பைனாகுலரை வால்ட்டர் என்னிடமிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டார்.

"ரேடியோல அவ அம்மா பத்திப் பேசினாளா?" என்று ஒரு நாள் வால்ட்டரிடம் கேட்டேன். ராத்திரி நான் படுத்த பிறகு உமா ரேடியோவில் டாரத்தியோடு பேசிக்கொண்டிருப்பாள்; தன் அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று எனக்கு ஒரு அரிப்பு.

"எல்லாம் பேசுவாள். நல்ல பெண், நேட்" என்றார். நடராஜன் அவர் வாயில் நேட். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. காட்டிக்கொள்ளாத மரியாதை.

எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பானேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், ஏழு படகும் கேட்கிற ரேடியோவில் சொல்ல முடிகிறது. பெற்றவனிடம் முடியவில்லை. இந்த ஊரில் வளர்ந்தால் இப்படித்தான் என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாவது நாள்தான், பெற்றவனும் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லையே என்று உறைத்தது.

6

எட்டாம் நாள். இரண்டு படகும் ஒரே குடாவில் நங்கூரம் போட்டு நின்றன. நடுவில் முந்நூறு கெஜம் இருக்கும். வால்ட்டர் தண்ணீர் பிடிக்க ரப்பர் படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தார். நான் ஒரே தடவை களைந்த அரிசியில் தக்காளி சாதம் செய்து முடித்தேன். மணி பன்னிரண்டு. உமாவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

வால்ட்டர் சொல்லிக்கொடுத்தபடி ரேடியோவை எடுத்தேன். பெலிக்கன், பெலிக்கன், மார்னிங் ஷிப்ட் பேசுகிறேன் என்றேன். உமாதான் எடுத்தாள். சானல் மாறினோம்.

"சொல்லுங்க, டாட்" என்றாள்.

அந்த ரேடியோவில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் பேச முடியும். அழுத்திப் பிடித்திருக்கும் வரை எதிர்ப்பக்கம் பேசுவது நமக்குக் கேட்காது. பேசிவிட்டு விட வேண்டும். இதையும் வால்ட்டர் நாலு தடவை சொல்லியிருந்தார்.

நான் பொத்தானை அழுத்தினேன். சாப்பாடு ரெடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் முகம் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. ஏழு படகு கேட்டாலும் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது.

"உமா, அப்பா ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளும்மா. அன்னைக்கு உன்னை அங்க வரவழைச்சிருக்கலாம். பாஸ்போர்ட் இல்லேன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேன், அது சும்மா. லலிதா ஆன்ட்டி வாங்கி அனுப்புறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். அம்மா பிழைச்சுக்குவான்னு நெனைச்சேன். என் தப்பு. அப்புறம் போன்ல தூங்குறான்னு சொன்னேன் பாரு, மூணு தடவை, அது அதைவிடப் பெரிய தப்பு. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. ஏர்போர்ட்ல நீ எனக்குப் பின்னாடி பார்த்தே. இன்னும் நான் எந்த ஏர்போர்ட்டுக்குப் போனாலும் அது ஞாபகம் வருது..."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிறந்தநாள்கள், பள்ளிக்கூட விழாக்கள், நான் வராமல் போன நாள்கள். அழுதேன் என்றும் நினைக்கிறேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கட்டை விரல் மரத்துப் போனது. பொத்தானை விட்டேன்.

ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். அப்புறம் டாரத்தியின் குரல் வந்தது, ரொம்ப மெதுவாக.

"மார்னிங் ஷிப்ட், உமா மேலே நங்கூரக் கயிறு பார்க்கப் போயிருக்கிறாள். இங்கே இல்லை. ஏதாவது தகவல் இருந்தால் சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன்."

ஐந்து நிமிஷத்தையும் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் தமிழில் கொட்டியிருக்கிறேன். திரும்ப ஒரு தடவை, ஆங்கிலத்தில், அவள் எழுதிக்கொள்ள வசதியாகச் சொல்ல வேண்டும்.

"சாப்பாடு தயார் என்று சொல்லுங்கள்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து டாரத்தி, "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

7

உமா பெலிக்கனின் ரப்பர் படகில் வந்தாள். தக்காளி சாதத்தை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். வீட்டில் அப்படிச் செய்ய மாட்டாள். கடல் காற்றில் பசி என்று நினைத்தேன். தட்டுகளைக் கடல் தண்ணீரில் கழுவி வைத்தாள். திரும்பப் போகாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது இருக்கா, டாட்?" என்றாள்.

"ஊறுகாய் இருந்துச்சு, மறந்துட்டேன்" என்றேன்.

அவள் எழுந்தாள். பிறகு ரப்பர் படகின் கயிற்றை அவிழ்த்தாள்.

மற்ற படகுக்காரர்கள் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நாள் எல்லோரும் கரையில் சேர்ந்து சாப்பிட்டபோது, குளிக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டவன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவே இல்லை. குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

8

ஆகஸ்டில் அவளைக் கலிபோர்னியா கொண்டுபோய் விட்டேன். ஹூஸ்டனிலிருந்து மூன்று நாள் கார். டெக்சாஸ் முடிவதற்கே ஒரு நாள் ஆகும். முன் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். டயரில் காற்று போதுமா, இன்சூரன்ஸ் கார்டு எங்கே வைத்திருக்கிறாய், பால் வாங்கினால் தேதி பார்த்து வாங்கு. மூன்று நாளும் இதுதான் பேசினேன்.

ஹாஸ்டல் வாசலில் இருபது நிமிஷம்தான் கார் நிறுத்தலாம். பெட்டிகளை இறக்கி முடித்தோம். அட்டைப்பெட்டி ஒன்று பின் சீட்டில் பாக்கி. உமா அதை எடுக்காமல் காரில் சாய்ந்து நின்றாள்.

"அன்னைக்கு நான் ரேடியோ பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள்.

என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"எல்லாம் கேட்டேன். எனக்கு உடனே பதில் சொல்ல வரல. தமிழ்ல சொல்லத் தெரியாது, இங்கிலீஷ்ல சொன்னா எல்லாரும் கேப்பாங்க. அதான் நான் இல்லேன்னு சொல்லச் சொன்னேன். நேர்ல வந்தா நீங்க மறுபடியும் சொல்லுவீங்கன்னு நெனைச்சேன். வந்து உக்காந்தேன். நீங்க ஊறுகாய்னீங்க. அப்புறம் மூணு நாள் காத்திருந்தேன். அப்புறம் ஜூலை முழுக்க. இப்ப மூணு நாள் கார்ல."

எனக்குப் பின்னால் இன்னொரு கார்க்காரர் இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஹாரன் அடிக்கவில்லை.

"தப்புதாம்மா" என்றேன். "உன்னை வரவழைச்சிருக்கணும்." எட்டு வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தது, சொல்ல நாலு நொடிகூட ஆகவில்லை.

அவள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள். இதை மட்டும் தமிழில் கேட்டாள். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

நான் ரேடியோவில் சொன்ன ஐந்து நிமிஷத்தில் இது இல்லை. யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

"கேட்டா" என்றேன். "தினமும் கேட்டா. கண்ணு முழிச்சதும் அதான் கேட்பா. உமாவைக் கூட்டிட்டு வந்துடுங்க, பார்க்கணும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உனக்கு ஸ்கூல் இருக்குன்னு சொன்னேன். ஸ்கூல் கெட்டுடும், வேணாம்னு."

உமா யோசித்தாள். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அது என் முகம்தான்.

"அது ஜூலை, அப்பா" என்றாள். "ஜூலையில ஸ்கூல் கிடையாது."

"ஆமாம்."

"அம்மாவுக்குத் தெரியுமே."

தெரியும். உமாவுக்குப் பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கும், என்றைக்கு மூடும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சரோஜாவுக்கு மட்டும்தான் தெரியும். கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், ஆமாம், படிப்பு முக்கியம் என்று நம்பிவிட்டார்கள். சரோஜா என் முகத்தையே பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரிங்க, படிக்கட்டும்" என்றாள்.